பச்சை உடம்புக்காரியின் 42 நாள்: இதெல்லாம் தெரியுமா?

திருத்துறைப்பூண்டிக்கு வந்திருக்கிறீர்களா? ஊர் நடுவில் கோயில் கொண்டிருக்கும் சிவனுக்கு என்ன பெயர் தெரியுமா? பிறவி மருந்தீசுவரர்! வடமொழியில் பவ ஔஷதீசுவரர். பிறப்பதையே ஒரு வியாதியாகக் கணக்கில் வைத்து அதற்கு மருந்து கொடுக்கிற சாமி. இனி ஒரு பிறவி வேண்டாம் என்று பெரியவர்கள் கும்பிட்டு நிற்கும் அதே வாசலில், மாசமாக இருக்கும் மகளுக்காக அர்ச்சனைத் தட்டோடு ஒரு அம்மாவும் நிற்பாள். பிறவியை அறுக்கிறவரிடமே போய்ப் பிள்ளையை நல்லபடியாகக் கொடு என்று கேட்கிற துணிச்சல் வேறு எந்த ஊரில் உண்டு? போதாக்குறைக்கு இது அசுவினி நட்சத்திரத்துக்கு உரிய தலம். அசுவினி தேவர்கள் யார்? தேவலோகத்து வைத்தியர்கள். அதுவும் இரட்டைப் பிள்ளைகள்!

"பொம்பளைக்குப் பிரசவம் மறுபொறப்பு" என்பது எங்கள் அப்பாயி வாயில் வருஷத்துக்கு நாலு தடவையாவது வரும். பிறப்பது பிள்ளை, மறுபிறப்பு எடுப்பது தாய். ஆனால் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் தொட்டிலைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள். கட்டிலில் கிடக்கிற பச்சை உடம்புக்காரிக்குள் அந்த நேரத்தில் என்னென்ன நடக்கிறது என்று தெரிந்தால் தொட்டிலை விட்டுவிட்டுக் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள்.

முதலில் வயலைப் பார்த்துவிட்டு வருவோம். எங்கள் பக்கம் நெல்லும் பிள்ளை பெறும், தெரியுமா? பயிர் சூல் கட்டும், கதிர் ஈனும், மணி பால் பிடிக்கும். சூல், ஈனுதல், பால் என்று மூன்று சொல்லும் பெண்ணுக்கும் பயிருக்கும் பொது. காவிரியையும் விட்டுவைக்கவில்லை. ஆடிப்பெருக்கு அன்று ஆற்றங்கரைக்குப் புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச்சாதம் என்று கட்டிக்கொண்டு போகிறோமே, எதற்கு? காவிரித்தாய் மசக்கையாக இருக்கிறாளாம், வாய்க்கு ருசியாகக் கேட்பாளாம்! காதோலை கருகமணியோடு ஆற்றுக்கே வளைகாப்புச் செய்கிற ஜனங்கள் நாங்கள்.

அந்தக் காவிரியே ஒரு பிரசவத்தைக் கெடுக்கப் பார்த்த கதை தெரியுமா? திருச்சி மலைக்கோட்டையில் இரத்தினாவதிக்கு இடுப்புவலி. துணைக்கு வரவேண்டிய அம்மா அக்கரையில். நடுவில் காவிரி வெள்ளம். படகு போகாது. சிவன் என்ன செய்தார்? அவளுடைய அம்மாவின் உருவத்திலேயே வந்து பிரசவம் பார்த்துவிட்டுப் போனார்! வெள்ளம் வடிந்து நிஜ அம்மா வந்து நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. தாயும் ஆனவர் என்பதால் தாயுமானவர். இன்றைக்கும் சுகப்பிரசவம் ஆனால் வாழைத்தார் வாங்கி வைக்கிறார்கள். இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. கடவுள் டாக்டராக வரவில்லை, அம்மாவாக வந்தார். வலி எடுத்தவளுக்கு யார் வேண்டும் என்று தெரிந்த கடவுள்!

புது மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஆடியில் ஏன் பிரித்து வைக்கிறார்கள் தெரியுமா? கணக்குப் போடுங்கள். ஆடியில் தங்கும் கரு சித்திரையில், அக்கினி வெயிலை ஒட்டிப் பிறக்கும். மின்விசிறியும் ஆஸ்பத்திரியும் இல்லாத காலத்தில் பச்சைப் பிள்ளைக்கும் பச்சை உடம்புக்கும் அதைவிடக் கொடிய மாதம் இருந்திருக்க முடியாது. சாஸ்திரம் மாதிரி சொல்லிவைத்த குடும்பக் கட்டுப்பாடு! குறுவை நெல்லுக்கு 110 நாள், சம்பாவுக்கு 150 நாள், பிள்ளைக்குக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள். ஆனால் டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்த தேதியன்றே பிறக்கும் பிள்ளைகள் நூற்றுக்கு நாலைந்துதான். மற்றவை எல்லாம் முன்னே பின்னே. பாசனத்துக்குத் திறக்க வேண்டிய ஜூன் 12ஐ மேட்டூர் அணையே எத்தனை வருஷம் தவறவிட்டிருக்கிறது, பிள்ளையைக் குறை சொல்லலாமா?

இப்போது உடம்புக்குள் வருவோம். இங்கேதான் மூச்சு முட்டப்போகிறது.

கர்ப்பப்பை எவ்வளவு பெரிசு தெரியுமா? சாதாரண நாளில் ஒரு கொய்யாக்காய், சுமார் 60 கிராம். நிறைமாதத்தில் அதுவே ஏறக்குறைய 1 கிலோ! உள்ளே கொள்கிற அளவு 10 மில்லியிலிருந்து 5 லிட்டர் வரை போகிறது. இரண்டு தேக்கரண்டி கொள்கிற பை ஒரு சின்னக் குடமாகிறது. பனிக்குடம் என்று பெயர் வைத்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. குடம் பொருந்துகிறது, பனி அதைவிடப் பொருந்துகிறது.

நிறைமாதத்தில் அந்தக் கர்ப்பப்பை வழியாக நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் ஓடுகிறது. திரும்பப் படியுங்கள், நிமிஷத்துக்கு! இதற்காகவே தாயின் உடம்பு முன்கூட்டியே ரத்தத்தைக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆக்கி வைத்திருக்கிறது. பிள்ளை பிறந்ததும் அரைக் கிலோ நஞ்சுக்கொடி பிய்ந்து வெளியே வருகிறது. அது ஒட்டியிருந்த இடத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் புண். அத்தனை ரத்தக்குழாயும் வாய் திறந்து கிடக்கின்றன. அடைப்பது யார்? தைப்பது யார்? ஒருவரும் இல்லை! கர்ப்பப்பையின் தசைநார்கள் குறுக்கும் நெடுக்குமாக, கூடை முடைந்த மாதிரி ஓடுகின்றன. சுருங்கியதும் ஒவ்வொரு ரத்தக்குழாயையும் சுருக்குப் போட்டு இறுக்கிவிடுகின்றன. அந்தச் சுருக்கு விழாவிட்டால் நிமிஷக் கணக்கில் உயிர் போகும். உதிரப்போக்கு என்று கேட்டதும் பெரியவர்கள் முகம் மாறுவது இதனால்தான்.

சுருக்கை இறுக்கச் சொல்லிக் கட்டளை போடுவது எது தெரியுமா? ஆக்சிடோசின். 1906இல் ஹென்றி டேல் என்பவர் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றைச் சினைப்பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார், கர்ப்பப்பை சுருங்கியது. 1953இல் அதைச் செயற்கையாகச் செய்து காட்டிய வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955இல் நோபல் பரிசு. இவ்வளவு ஆராய்ச்சிக்கு முன்பே எங்கள் ஊர் மருத்துவச்சி "புள்ளைய மாருல போடுடி" என்று அதட்டினாளே, அதுவும் அந்த ஆக்சிடோசினுக்குத்தான்! பிள்ளை சப்பச் சப்ப அது ஊறும், கர்ப்பப்பை இறுகும். பால் கொடுக்கும்போது அடிவயிறு சுண்டி இழுக்கிறதே என்று புதுத்தாய் பயப்படுவாள். இரண்டாம் பிள்ளைக்கு இன்னும் கூடுதலாகவே இழுக்கும். பயப்பட ஒன்றுமில்லை, உள்ளே வேலை நடக்கிறது.

பிறகு நடப்பதுதான் வித்தை. பிரசவம் ஆன அன்று தொப்புள் உயரத்தில் நிற்கும் கர்ப்பப்பை தினமும் சுமார் ஒரு விரற்கடை கீழே இறங்கும். நர்சம்மா வயிற்றில் விரல் வைத்து அழுத்திப் பார்ப்பது இதைத்தான். பன்னிரண்டு பதினாலு நாளில் கைக்கு அகப்படாமல் இடுப்புக்கூட்டுக்குள் போய்விடும். ஆறு வாரத்தில் பழைய கொய்யாக்காய். ஒரு கிலோ தசையை உடம்பு தானே கரைத்து, தானே உறிஞ்சி, தானே கணக்கை முடித்துக்கொள்கிறது. இத்தனை வேகமாகப் பெருத்து இத்தனை வேகமாகச் சுருங்கும் உறுப்பு மனித உடம்பில் வேறொன்று கிடையாது.

பிள்ளை பக்கம் அதிசயம் இல்லையா என்றால், உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மண்டையோட்டு எலும்புகள் ஒட்டாமல் இருப்பதால் வரும் வழியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், தலை நீண்டு பிறந்தால் கவலை வேண்டாம். உச்சிக்குழி மூட ஒன்றரை வயது வரை ஆகலாம். முதல் சில வாரம் அழுகை மட்டும் வரும், கண்ணீர் வராது! கருகருவென்று தார் மாதிரி போகும் முதல் மலத்துக்குத் தமிழில் தனிப்பெயரே உண்டு, காட்டுப்பீ. முதல் வாரத்தில் எடை குறையும், பத்துப் பதினாலு நாளில் திரும்ப வரும். ஆண் பிள்ளை பெண் பிள்ளை என்றில்லாமல் பிறந்த சிசுவின் மார்பிலேயே பால் துளிர்ப்பதுண்டு, அம்மாவின் ஹார்மோன் உள்ளே மிச்சம் இருக்கிறது, அவ்வளவுதான். அதைப் பீய்ச்சி எடுக்கிற பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து கையைக் கட்டிப்போடுங்கள், சீழ் பிடித்துவிடும். தூக்கத்தில் பிள்ளை தானாகச் சிரித்தால் "நரி வெரட்டுது" என்கிறோம். சிசுவின் தூக்கத்தில் பாதி, கண்மணி உருளுகிற அரைத்தூக்கம். அந்த நேரத்தில்தான் நரி வருகிறது!

பிரசவம் பார்த்தது யார் என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? ஊருக்கு ஊர் நாவிதர் சமூகத்துப் பெண்கள். அந்தச் சமூகத்துக்கே மருத்துவர் என்று பெயர், அந்தப் பெண்ணுக்கு மருத்துவச்சி. மிராசுதார் வீட்டுப் பிள்ளையையும் பண்ணையாள் வீட்டுப் பிள்ளையையும் முதலில் தொட்ட கை அவளுடையது. தொட்டுத் தூக்கிக் கொடுத்தபின், கொல்லை வழியாகவே திரும்பிப் போகச் சொன்னது இந்தச் செழிப்பான நெல்நாடுதான். கூலி ஒரு மரக்கால் நெல்லும் பழைய சேலையும். நம் பாட்டன் பூட்டன் எல்லாரும் அவளுக்குக் கடன்காரர்கள்.

ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் செத்ததால் ஒரு பெரிய மருத்துவமனை பிறந்தது தெரியுமா? 1890களின் தொடக்கம், திண்டிவனம். அமெரிக்க மிஷனரி டாக்டரின் மகள் ஐடா ஸ்கடர் சிறிது காலம் தங்க வந்திருந்தாள். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று ஆண்கள் கதவைத் தட்டினார்கள். மூன்று வீட்டிலும் பிரசவ வலி, பிள்ளை வரவில்லை. அப்பா டாக்டர் வருவார் என்றாள் ஐடா. ஆம்பளை டாக்டர் வேண்டாம், நீ வா என்றார்கள் அவர்கள். நான் டாக்டர் இல்லையே! விடிந்தபோது மூன்று பெண்களும் போய்விட்டார்கள். ஐடா அமெரிக்கா போய் 1899இல் டாக்டராகித் திரும்பினாள். 1900இல் ஒற்றைக் கட்டிலோடு வேலூரில் தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி.

அதற்கும் முன்னால், 1844லேயே சென்னையில் பிரசவத்துக்கென்று தனி ஆஸ்பத்திரி வந்துவிட்டது. இன்றைக்கு எழும்பூரில் இருக்கிறதே, அதுதான். அதே சமயம் ஐரோப்பாவில் என்ன நிலைமை? வியன்னாப் பெரிய ஆஸ்பத்திரியில் 1846இல் டாக்டர்கள் பிரசவம் பார்த்த வார்டில் நூற்றுக்குப் பதினொரு தாய்மார் காய்ச்சலில் செத்தார்கள். மருத்துவச்சிகள் பார்த்த வார்டில் மூன்றுக்கும் கீழே! பிணவறையிலிருந்து நேராக வந்து கைகழுவாமல் பிரசவம் பார்த்ததுதான் காரணம் என்று 1847இல் கண்டுபிடித்தார் அங்கே வேலை பார்த்த டாக்டர் செம்மல்வைஸ். குளோரின் நீரில் கைகழுவச் சொன்னார், சாவு சரசரவென்று இறங்கியது. சக டாக்டர்கள் பாராட்டினார்களா? எரிச்சல்பட்டார்கள். 1865இல் மனநல விடுதியில் செத்துப்போனார் மனிதர். நம்மூரில் பிரசவ ஜன்னி என்று நடுங்கினோமே, அதில் இந்தக் காய்ச்சலும் உண்டு. தொப்புள்கொடியை அரிவாள்மணையில் அறுத்த காலமும் இருந்தது. தாய்க்கும் சிசுவுக்கும் வரும் ரணஜன்னி இந்தியாவில் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது 2015இல்தான், நேற்றைக்கு என்று சொல்லலாம்.

இன்றைக்குத் தமிழ்நாட்டில் ஆஸ்பத்திரியில் பிறக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் தெரியுமா? ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 99.6 சதவீதம்! உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் பிள்ளைகளுக்கு இறக்கும் தாய்மார் 2018-20 கணக்கில் நாடு முழுக்க 97, தமிழ்நாட்டில் 54. கேரளத்தில் 19 என்று பக்கத்து வீட்டுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், நமக்குத் தலைக்கனம் ஏறாமல் இருக்க. இன்னொரு எண்ணும் உண்டு. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் ஆபரேஷன். தனியார் ஆஸ்பத்திரியில் மட்டும் பார்த்தால் 63.8. இத்தனை இடுப்புமா திடீரென்று குறுகிப்போயிற்று? நாள் நட்சத்திரம் பார்த்துக் கத்தி வைக்கச் சொல்கிற குடும்பங்களும் இதில் பங்குதாரர்கள் என்பது என் அபிப்பிராயம். சிசேரியன் என்ற பெயர் ஜூலியஸ் சீசர் அப்படிப் பிறந்ததால் வந்தது என்று பள்ளிக்கூடத்தில் கேட்டிருப்பீர்கள், நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் வயிற்றைக் கிழித்தால் தாய் பிழைக்க மாட்டாள். சீசரின் அம்மா அவர் பெரிய மனிதராகும் வரை உயிரோடு இருந்தார்.

வீட்டுக்கு வந்தாயிற்று. சீம்பால் மஞ்சளாக இருக்கிறது, கெட்ட பால், பீய்ச்சிக் கீழே விடு என்று ஒரு குரல் வரும். முதல் தடுப்பூசி மாதிரியான அந்தத் துளிகளை மண்ணில் விடலாமா? வந்தவர்களில் நல்ல குணமுள்ளவரைக் கூப்பிட்டு, அந்தக் குணம் பிள்ளைக்கும் வரட்டும் என்று நாக்கில் சேனை வைக்கச் சொல்வார்கள். சர்க்கரைத் தண்ணீர், தேன், சில தெருக்களில் இன்றைக்கும் சங்கில் ஊற்றிக் கொடுக்கிற கழுதைப்பால். தேனில் இருக்கும் ஒரு நுண்ணுயிர் ஒரு வயதுக்குள்ளான பிள்ளையின் தசைகளை முடக்கிவிடக்கூடும். குணம் ரத்தத்தில் வரட்டும், நாக்கில் தடவ வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் குடித்த பிள்ளைகள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 60தான். ஆஸ்பத்திரியில் பிறப்பு 99.6, முதல் மணிப் பால் 60. நடுவில் எங்கோ நாம் நழுவுகிறோம்.

வசம்புக்கு எத்தனை பெயர் தெரியுமா? பிள்ளை வளர்ப்பான், பேர் சொல்லாதது! ராத்திரியில் பெயரைச் சொன்னால் பலிக்காதாம். சுட்டுக் கயிற்றில் கோத்துக் கையில் கட்டுங்கள், அழகாக இருக்கும். உரசி உள்ளுக்குக் கொடுப்பதை மட்டும் குழந்தை டாக்டர்கள் வேண்டாம் என்கிறார்கள்.

பத்தியம் என்றால் முகம் சுளிக்கிறவர்கள் எங்கள் பக்கத்துப் பத்தியத்தைச் சாப்பிட்டதில்லை. முத்துப்பேட்டை, வேதாரண்யம் கடற்கரை கைக்கெட்டும் தூரம் என்பதால் பால்சுறா வந்துவிடும். அவித்து, உதிர்த்து, பூண்டும் மிளகும் அள்ளிப்போட்டுப் புட்டு. பால் ஊறும் என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. சைவ வீடுகளில் சுண்டைக்காய் வற்றலும் வேப்பம்பூவும் சுக்கும் வறுத்துப் பொடித்த அங்காயப்பொடி. எல்லாருக்கும் பொது பூண்டுக் குழம்பு. அதைப் பற்றி அமெரிக்காவில் ஆராய்ச்சி நடந்தது தெரியுமா? பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தில் 1991இல் பால் கொடுக்கும் தாய்மாருக்குப் பூண்டு கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மணி நேரத்தில் பாலில் பூண்டு வாசம் ஏறியது. பிள்ளைகள் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டனவா? இல்லவே இல்லை, கூடுதல் நேரம் மாரோடு ஒட்டிக்கொண்டு குடித்தன!

பிரசவ லேகியம் அரசாங்கப் பையிலேயே வந்தது தெரியுமா? 2015இல் அரசு ஆஸ்பத்திரிகளில் பிறக்கும் பிள்ளைகளுக்கு 16 பொருள் கொண்ட பெட்டகம் கொடுக்கத் தொடங்கினார்கள். துண்டு, கொசுவலை, கிலுகிலுப்பை, நகவெட்டி எல்லாம் பிள்ளைக்கு. அம்மாவுக்கு? சோப்பும் சௌபாக்கிய சுண்டி லேகியமும்! சுண்டி என்றால் சுக்குதான். பாட்டி கைமருந்து கஜானாவுக்குள் நுழைந்த தருணம் அது.

அரிசியைச் சொல்லாமல் விட்டால் ஊர் கோபித்துக்கொள்ளும். திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடக்கிறது. நெல் ஜெயராமன் தேடித் தேடி 174 பாரம்பரிய ரகங்களைச் சேர்த்தார். விவசாயிக்கு 2 கிலோ விதை இலவசம், அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். 2018 டிசம்பர் 6இல் அவர் மறைந்தார், விதைகள் ஊர் ஊராக முளைத்துக்கொண்டிருக்கின்றன. அதில் பூங்கார் சிவப்பரிசி கர்ப்பிணிக்குச் சுகப்பிரசவத்துக்கு என்பார்கள். குழியடிச்சான் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற என்பார்கள். இதெல்லாம் வழிவழி நம்பிக்கை, மருந்துச் சீட்டு அல்ல. ஆனால் பெண்ணின் பத்தாம் மாதத்துக்கு ஒரு நெல், பதினோராம் மாதத்துக்கு ஒரு நெல் என்று பிரித்து வைத்த ஊர் எவ்வளவு உன்னிப்பான ஊர்!

உன்னிப்பு போதாத இடமும் உண்டு. "தண்ணி குடிக்காதே, வயிறு போட்டுடும்" என்று சொம்பை ஒளித்து வைப்பார்கள். நாளுக்கு முக்கால் லிட்டர் பால் சுரக்க வேண்டிய உடம்பு தண்ணீருக்கு எங்கே போகும்? தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள், சாஸ்திரம் அப்புறம்.

பிள்ளை பெற்றவளை 40 நாள் வீட்டோடு வைத்துப் பார்க்கிற கணக்கு நம்முடையது மட்டும் என்று நினைத்தீர்களா? மெக்சிகோவில் 40 நாள், அந்த வழக்கத்துக்கு நாற்பது என்றே பொருள்படும் பெயர். சீனாவில் ஒரு மாதம் தாய் வெளியே வரக்கூடாது, குளிர்ந்தது தொடக்கூடாது. யாழ்ப்பாணத்தில் 31ஆம் நாள் துடக்குக் கழிப்பு. கொரியாவில் பிள்ளை பெற்றவளுக்குக் கடற்பாசிச் சூப்பு. அதை அந்தப் பிள்ளை வளர்ந்து ஒவ்வொரு பிறந்தநாளும் குடிக்கும், தன்னைப் பெற்றவள் அன்றைக்குக் குடித்ததை நினைத்து! கேக் வெட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். ஜெனீவாவில் இருக்கும் உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு 42 நாள். அம்மாச்சிமார் போட்ட கணக்குக்கும் ஜெனீவாவுக்கும் இரண்டே நாள் வித்தியாசம்.

மல்லிகைப்பூ பாலை நிறுத்தும் தெரியுமா? பிள்ளை தவறிப்போன தாய்க்கும் மூன்றாம் நாள் பால் கட்டும். உடம்புக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருக்காது. கல்லாகக் கனக்கும் மாரில் மல்லிகைச் சரம் வைத்துக் கட்டுவார்கள். வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் இதை மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்து 1988இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பூ வேலை செய்தது.

"புள்ள மொகம் பார்த்துச் சிரிச்சா ஆத்தாளுக்கு முடி கொட்டும்." கேட்டிருக்கிறீர்களா? பிள்ளை முகம் பார்த்துச் சிரிப்பது இரண்டாம் மாதவாக்கில். கர்ப்ப காலத்தில் உதிராமல் பிடித்துவைத்த முடி கொத்துக் கொத்தாக உதிரத் தொடங்குவதும் இரண்டு மூன்று மாதத்தில். சிரிப்பு பாவம், பழி அதன்மேல்! சில மாதத்தில் முடி திரும்ப வளரும்.

முடியை விடுங்கள், மூளையே மாறுகிறது. 2016இல் வந்த ஓர் ஆய்வில் முதல் பிள்ளை பெற்ற தாய்மாரின் மூளையை முன்னும் பின்னும் படம் எடுத்துப் பார்த்தார்கள். பிறர் மனதை அறியும் பகுதிகளில் சாம்பல்நிறப் பொருள் குறைந்திருந்தது, இரண்டு வருஷம் கழித்தும் அப்படியே. மூளை மழுங்கிவிட்டதா? மறதி கூடியதாக ஆய்வில் தென்படவில்லை. செடியைக் கவாத்துப் பண்ணின மாதிரி என்று புரிந்துகொள்ளலாம்.

இதைவிட ஒன்று. வயிற்றில் இருந்த பிள்ளையின் உயிரணுக்கள் தாயின் ரத்தத்தில் கலந்து அங்கேயே தங்கிவிடுகின்றன! 1996இல் டயானா பியாங்கியின் குழு ஒரு தாயின் ரத்தத்தில் மகனுடைய உயிரணுக்களைக் கண்டது. அவள் மகனைப் பெற்று அப்போது 27 வருஷம் ஆகியிருந்தது.

கடைசியாக ஒன்று, இதற்கு ஆச்சரியக்குறி போட மனம் வரவில்லை. மூன்றாம் நாள் பால் இறங்கும்போதே காரணமில்லாமல் அழுகையும் வரும். பெரும்பாலோருக்குப் பத்து நாளில் போய்விடும். சிலருக்குப் போகாது. வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் புதுத்தாய்மாரைத் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியிட்ட ஆய்வில் நூற்றுக்குப் பதினொரு பேருக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு புதிதாக வந்திருந்தது. காரணங்கள் எவை? வறுமை, ஆணை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, ஒத்தாசைக்கு ஆள் இல்லாதது. நாலில் ஒன்றுகூட அவள் செய்த தப்பு இல்லை. இதைப் "புள்ள பெத்த திமிரு" என்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாதம் பேறுகால விடுப்பு. நடவுக்குப் போகிறவளுக்கு விடுப்பு யார் கொடுப்பார்? முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய், அதில் 14,000 பணம், 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகம். அந்தப் பணம் தீர்வதற்குள் அவள் மறுபடி சேற்றில் இறங்கியிருப்பாள், பிள்ளை வரப்பு ஓரம் தூளியில் ஆடும். பக்கத்தில் நீங்கள் இருந்தால் ஒரு வேளைச் சோறு கொண்டுபோய்க் கொடுங்கள். பிள்ளை யார் ஜாடை என்று கேட்பதற்கு முன்னால் ராத்திரி தூங்கினாயா என்று அவளைக் கேளுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை, பிள்ளையைத் தூக்கவே மனம் வரவில்லை என்று அவள் சொன்னால் அரசின் மனநல உதவி எண் 14416க்குப் போன் போட்டுக் கொடுங்கள். தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது, நடு ராத்திரியிலும் எடுப்பார்கள்.